இணையத்தில் பழகியவர்களோடு ஒரு புகைப்படக் கண்காட்சி: முதல் முறை வைப்பவர்களுக்கு

பல வருடங்களாக ஒருவர் படத்துக்கு ஒருவர் லைக் போட்டுக்கொண்டிருப்போம். அவர் என்ன லென்ஸ் வைத்திருக்கிறார், எந்த ஏரிக்குப் போய்ப் பறவை எடுக்கிறார் என்பதெல்லாம் தெரியும். முகம் மட்டும் தெரியாது. நேரில் பார்க்கலாம் என்று பேச்சு வந்தால் யாராவது, "எங்கேயாவது காபி சாப்பிடப் போகலாமே" என்பார்கள். போகலாம்தான். ஆனால் கேமரா விலையைப் பேசி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்துப் பாருங்கள். சேர்ந்து செய்ய வேலை இருந்தால் கூச்சம் சீக்கிரம் விட்டுப்போகும்.

சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் இடங்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. ஓவியப் பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர், 1850களிலேயே மெட்ராஸில் புகைப்பட ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்துவிட்டார்.

படி 1: ஆட்கள், பணம், தேதி

முதல் முறைக்கு 8 முதல் 12 பேர் போதும். ஒருவர் ஒருங்கிணைப்பாளர், இன்னொருவர் கணக்கு. இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள். கூட வாடகை, பிரிண்ட், பிரேம், அழைப்பிதழ், டீ பிஸ்கெட் எல்லாவற்றையும் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, கூடத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே வசூலித்துவிடுங்கள். "அப்புறம் ஜிபே பண்றேன்" என்பவரிடம் பின்னால் கேட்பது சங்கடம், அதுவும் இன்னும் முகம் பார்க்காதவரிடம்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினம். 1839ல் டாகுரே என்பவரின் புகைப்பட முறையைப் பிரெஞ்சு அரசு எல்லோருக்கும் திறந்துவிட்ட நாள் அது. அந்த வாரம்தான் வேண்டும் என்றால் பல மாதங்கள் முன்பே கூடம் கேளுங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதிவரை வேண்டாம் என்பது என் கட்சி. மழையில் பிரிண்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடுவது ஒரு தனிக் கொடுமை.

படி 2: கூடம்

கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, இஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் ஆகியவை விசாரித்துப் பார்க்க வேண்டியவை. பிந்தைய இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இருப்பதால் வார இறுதியில் குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிகம். அலுவலகம் விட்டு எட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு கிரீம்ஸ் ரோடுதான் தோது. வாடகை கட்டுப்படியாகாவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமூகக் கூடம், நூலகம் என்று தேடுங்கள். 2016ல் தொடங்கிய சென்னை போட்டோ பியன்னாலே என்ற புகைப்படத் திருவிழா பறக்கும் ரயில் நிலையங்களில்கூடப் படம் வைத்துக் காட்டியது.

நேரில் போய்ச் சுவரை அளந்துவிட்டு வாருங்கள். 12க்கு 18 பிரிண்டைப் பிரேம் போட்டால் ஏறக்குறைய 14க்கு 20 இன்ச் வரும். இடைவெளி ஒரு அடி. ஆக, படத்துக்கு 3 அடி என்று வைத்துக்கொள்ளலாம். 12 பேர், ஆளுக்கு 2 படம் என்றால் 72 அடிச் சுவர் வேண்டும், கதவு, ஜன்னல், ஸ்விட்ச் பெட்டி எல்லாம் போக. ஆணி அடிக்க விடுவார்களா, படம் தொங்கவிட மேலே கம்பி ஓடுகிறதா, விளக்கைத் திருப்பலாமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

படி 3: படத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஒவ்வொருவரும் 6 படம் கொடுங்கள். அதில் எந்த இரண்டு என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்க நின்று எடுத்த படம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சுவரில் அந்தக் கஷ்டம் தெரியாது. சில சமயம் நீங்கள் அலட்சியமாக எடுத்த பஸ் ஸ்டாண்டு படத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

மனிதர் முகம் பெரிதாகத் தெரிகிற படமென்றால் முடிந்தவரை அவரிடம் சம்மதம் வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம். இல்லாவிட்டால் வேறு படத்துக்குப் போங்கள்.

படி 4: ஃபைலும் பிரிண்டும்

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லை டிரைவில் போடுங்கள். 12க்கு 18 பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 பிக்சல் வீதம் 3600க்கு 5400 இருந்தால் அருமை. 24 மெகாபிக்சல் கேமராவின் 4000க்கு 6000 இதற்குத் தாராளம். போனில் எடுத்தவர்கள் பின்வாங்க வேண்டாம்: 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் 4000 பிக்சல், 18 இன்ச் பிரிண்டில் அது இன்ச்சுக்கு 222 வருகிறது. இரண்டடி தள்ளி நின்று பார்க்க அது போதும். போன் படம் 4க்கு 3 என்பதால் மேலேயோ கீழேயோ, நெட்டைப்படமானால் பக்கவாட்டிலோ, கொஞ்சம் வெட்டுப்படும். எங்கே வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடுங்கள், கடைக்கு விட்டால் தலை போய்விடும்.

ஸ்கிரீனில் பார்த்ததைவிட பிரிண்ட் இருட்டாக வரும். ஸ்கிரீன் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவைத்துத் திருத்துங்கள். எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வண்ண அமைப்பில் ஜேபெக்காகச் சேமித்து, 4க்கு 6ல் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள். கடையில் "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று சொல்ல மறக்காதீர்கள். மங்கலான மார்கழிக் காலையைப் பளிச்சென்று மத்தியானமாக்கிக் கொடுப்பார்கள்.

எல்லோரும் ஒரே கடையில், ஒரே தாளில், ஒரே அளவில் போடுங்கள். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன், மெல்லிய கறுப்பு பிரேம், கண்ணாடி வேண்டாம். பிரேம்காரர் வழக்கப்படி கண்ணாடி போட்டுவிடுவார், முன்னாலேயே சொல்லிவையுங்கள். கண்ணாடி இருந்தால் பார்க்க வருபவருக்குப் படத்தைவிட டியூப்லைட்தான் நன்றாகத் தெரியும்.

படி 5: முந்தின நாள் மாலை

முக்கியமான படி இதுதான். படம் மாட்ட ஆள் வைக்காதீர்கள். திறப்பு விழாவுக்கு மட்டும் வருகிறேன் என்பவரையும் கெஞ்சியாவது இந்த மாலைக்கு வரவழைத்துவிடுங்கள். விழாவில் எல்லோரும் இஸ்திரிச் சட்டையில் விறைப்பாக நிற்பார்கள். இன்று தரையில் உட்கார்ந்து நைலான் கயிறு கட்டுவார்கள்.

கொண்டுவர வேண்டியவை: அளவு டேப், ரசமட்டம், பென்சில், அழிரப்பர், கத்தரி, நைலான் கயிறு, துடைக்கப் பழைய பனியன் துணி. ஏணி கூடத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எதையும் மாட்ட வேண்டாம். எல்லாப் படங்களையும் சுவரடியில் சாய்த்துவைத்துவிட்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஆள்வாரியாக அடுக்காமல் கலந்து வையுங்கள். வலப்பக்கம் பார்க்கிற முகத்தைச் சுவரின் வலது கோடியில் வைத்தால் அது வாசலை வெறித்துக்கொண்டிருக்கும், இடது கோடிக்கு மாற்றுங்கள். கறுப்பு வெள்ளையைத் தனித்தனியாக இறைக்காமல் மூன்று நான்கு சேர்த்து வைத்தால் எடுப்பாக இருக்கும். "உங்க படகுக்குப் பக்கத்துல என் கிழவி வேண்டாம், அடிபட்டுப் போறா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வருடக்கணக்காக "சூப்பர்", "செம கிளிக்" என்று மட்டும் எழுதியவர் படத்தைப் பற்றி உருப்படியாகப் பேசுவது அப்போதுதான். அவசரப்படுத்தாமல் பேச விடுங்கள்.

பிறகு உயரம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 இன்ச்சில் இருக்கட்டும். காட்சிக்கூடங்களில் பரவலாக வைத்துக்கொள்கிற அளவு இது. ஆணியோ கொக்கியோ எங்கே வர வேண்டும் என்பதற்குக் கணக்கு: 57உடன் பிரேம் உயரத்தில் பாதியைக் கூட்டி, பிரேமின் பின்னால் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்தால் பிரேமின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். கிடைப்படம் 14 இன்ச் உயரம், கயிறு 2 இன்ச் கீழே என்றால் 57 + 7 − 2 = 62. நெட்டைப்படம் 20 என்றால் 65. ஒருவர் ஏணியில், ஒருவர் ரசமட்டத்தோடு, மூன்றாமவர் எதிர்ச்சுவர்வரை பின்னால் போய், "இடது கொஞ்சம் மேல... இன்னும்... போதும் போதும்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்றாமவராக அன்று பேசாமல் ஒதுங்கி நிற்பவரைப் போடுங்கள்.

படி 6: திறப்பு நாள்

பெயர் அட்டை ஆளுக்கு ஒன்று. இணையப் பெயர் மேலே பெரிதாக, சொந்தப் பெயர் கீழே சிறிதாக. சொந்தப் பெயர் போட விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். புனைபெயர் வைத்திருப்பவருக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கும். குழுவாகப் படம் எடுத்தால் வெளியில் போடும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், குறிப்பாகப் பெண்களிடம்.

என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் படத்தில் தொடங்குங்கள். "சார், பழவேற்காடு பூநாரை நீங்கதானே? அன்னிக்குப் படகுல போனீங்களா, கரையில நின்னீங்களா?" போதும், அரைமணி நேரம் ஓடும். சம்பளம், கல்யாணம் பக்கம் போகாதீர்கள். இத்தனை நாள் "ப்ரோ" என்று அழைத்தவர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டராக வந்து நிற்பார். சட்டென்று "ஐயா"வுக்குத் தாவ வேண்டாம், அவரே "ப்ரோவே இருக்கட்டும்பா" என்று சொல்லக்கூடும். படத்தில் குறை தெரிந்தால் அவர் கேட்கும்வரை சொல்லாதீர்கள். அவர் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நிற்பார்கள்.

பார்வையாளர்களில் பாதிப் பேர் "என்ன கேமரா?" என்பார்கள். எரிச்சல்படாமல் சொல்லிவிட்டு, எங்கே எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பேச்சு படத்துக்குத் திரும்பிவிடும். எந்நேரமும் இருவர் கூடத்தில் இருக்கும்படி முறை போடுங்கள். அந்த ஜோடிகளில் முன்பே நெருக்கமானவர்களைச் சேர்க்காதீர்கள். ஆள் வராத மத்தியான நேரத்தில் பேசிக்கொள்ளட்டும்.

படி 7: கழற்றுவது

கடைசி நாள் ஒரு மணி நேரம் முன்பே ஆரம்பியுங்கள். பிரேம்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் செய்தித்தாள் கொடுத்துக் கட்டுங்கள். சுவரில் பென்சில் கோட்டை அழித்து, வாடகை முன்பணத்தை அங்கேயே திரும்ப வாங்கிவிடுங்கள். வரவு செலவை அன்றிரவே குழுவில் போடுங்கள். மிச்சம் இருந்தால் பிரித்துக்கொள்ளலாம், இல்லை அப்படியே பக்கத்து ஓட்டலில் தோசையாக்கலாம். கொக்கியும் கயிறும் யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் கணக்கின் கீழேயே எழுதிவையுங்கள். அடுத்த முறை எல்லோரும் தேடுவது அதைத்தான்.