பயாப்சி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

குடியாத்தத்திலோ ஆரணியிலோ மார்பில் இருக்கும் கட்டிக்கு பயாப்சி எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறுபவரா? டாக்டரைப் பார்ப்பதற்குள் இதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே இருப்பது: பெயர், வயது, வலதா இடதா. வயது ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என்று இருந்தால் உண்மையான வயதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், மாதவிலக்கு நின்றுவிட்டதா, எப்போது நின்றது, கர்ப்பப்பையை எடுத்திருந்தால் கூடவே சினைப்பையையும் எடுத்தார்களா என்பது. லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரை சினைப்பை ஓய்ந்தவர்களுக்குத்தான் சரிவரும், மற்றவர்களுக்கு அதைத் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. மகன் பக்கத்தில் நின்றால் அம்மா இதையெல்லாம் வாய் திறந்து சொல்லமாட்டார், அதனால் மகளையோ சித்தியையோ உள்ளே அனுப்புங்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்ததா என்று கேட்பார்கள். அப்பா வழி அத்தை, பாட்டியும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

அடுத்து கிரேடு. நிறைய பேர் இங்கேதான் பயந்துபோகிறார்கள். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது, கிரேடு அப்படியில்லை. செல்கள் மைக்ராஸ்கோப்பில் எப்படித் தெரிகின்றன என்று மூன்று விஷயத்துக்குத் தலா 1 முதல் 3 மார்க் போட்டுக் கூட்டுவார்கள்: 3 முதல் 5 வரை கிரேடு 1, 6-7 என்றால் கிரேடு 2, 8-9 என்றால் கிரேடு 3. கட்டி சின்னதாக இருந்து அக்குளுக்குப் பரவாமல் இருந்தால், கிரேடு 3 ஆனாலும் ஆரம்ப ஸ்டேஜாகவே இருக்கலாம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அழுவதற்கு முன் இதை ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் மருந்தையே முடிவுசெய்கிற மூன்று வரி: ஈஆர் (ER), பிஆர் (PR), ஹெர்-2 (HER2). முதல் இரண்டும் புற்றுநோய் செல்லில் பெண் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், ஹெர்-2 செல்லை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம். ஈஆரும் பிஆரும் 1 சதவீத செல்களில் இருந்தாலே பாசிட்டிவ் என்றுதான் எழுதுவார்கள், ஆனால் ஈஆர் 10 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஹார்மோன் மாத்திரை எவ்வளவு கேட்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹெர்-2வில் 0, 1+ நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ என்றால் இன்னும் முடிவாகவில்லை, ஹெர்-2 ஜீன் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் (FISH) டெஸ்ட் செய்யவேண்டும். மூன்றுமே நெகட்டிவ் என்றால் ட்ரிபிள் நெகட்டிவ். ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது, கீமோதான் பிரதானம். இந்த வகை மேல்நாட்டைவிட நம் நாட்டில் அதிகம், நம் பெண்களுக்கு இந்த நோய் வருவதும் ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே. இளவயதுக்காரர் என்றால், நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்க்கும் ஜீன் டெஸ்ட் தேவையா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் 2/14 என்றிருந்தால் தேதி என்று நினைக்காதீர்கள், அக்குளில் எடுத்த 14 நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) 2-ல் நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, காகிதம் மட்டும் போதாது. பயாப்சி பார்த்த லேபில், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள், பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்ப்பார்கள். கத்திரி வெயிலில் அதைக் கார் டாஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். கொடுக்கும்போது ரசீது வாங்கி, வேலை முடிந்ததும் பிளாக்கைக் கேட்டுத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.