வளைவில் பிரேக் பிடிப்பது எப்படி? புதிதாக பைக் ஓட்டுபவர்களுக்கு

நேர்ச்சாலையில் தப்பாக பிரேக் பிடித்தாலும் பல நேரம் தப்பித்துவிடலாம். வளைவில் அதே தப்பு கீழே தள்ளிவிடும். காரணம் டயர்தான். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது உள்ளங்கை அளவு ரப்பர். அதன் பிடிப்பைத் திரும்புவதற்கும் நிற்பதற்கும் பங்கு போட்டாக வேண்டும். பைக் எவ்வளவு சாய்கிறதோ, பிரேக்குக்கு மிஞ்சுவது அவ்வளவு குறையும்.

1. பைக் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள்

எவ்வளவு குறைப்பது? கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள், சாலையில் உங்கள் பக்கத்தை விட்டு விலகாமல் நிறுத்த முடிகிற அளவுக்கு. 60 கி.மீ. வேகத்தில் ஒரே நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுவீர்கள், பிரேக்கைத் தொடும் முன்பே. தூரத்தில் சாலையின் இரு ஓரங்களும் ஒன்று சேர்வதுபோலத் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். அது உங்களை நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, இன்னும் குறைக்க வேண்டும். விலகிப் போனால் வளைவு விரிகிறது. கியரையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

2. முன் பிரேக் லிவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள்

முதலில் மெல்ல அழுத்துங்கள். எடை முன்னால் வந்து முன் டயர் சாலையில் அழுந்தும். அப்புறம் அழுத்தத்தைக் கூட்டலாம். விடும்போதும் மெதுவாகத்தான். சட்டென்று விட்டால் முன் சஸ்பென்ஷன் துள்ளி, திரும்பும் நேரத்தில் பைக் தடுமாறும். பின் பிரேக்கை லேசாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. வளைவுக்குள்

ஆக்சிலரேட்டரை லேசாக, ஒரே சீராகப் பிடியுங்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், பள்ளத்தையோ எதிரே வரும் லாரியையோ வெறிக்க வேண்டாம். கண் எங்கே போகிறதோ பைக்கும் அங்கேதான் போகும்.

4. நடு வளைவில் திடீரென ஏதாவது குறுக்கே வந்தால்

இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: முதலில் நிமிர்த்துங்கள், பிறகு அழுத்துங்கள். வளைவின் வெளிப்பக்க ஹேண்டிலை முன்னோக்கித் தள்ளினால் பைக் நிமிரும். நிமிர்ந்ததும் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடிக்கலாம்.

நிமிர்த்த இடமில்லையா? இரண்டையும் மிக மென்மையாகத் தொடங்குங்கள். முன் பிரேக் பிடித்ததும் பைக் தானாக நிமிர்ந்து வெளியே ஓடப் பார்க்கும். உள்பக்க ஹேண்டிலை முன்னோக்கித் தள்ளிப் பிடித்தால் பாதை மாறாமல் போகும். வேகமும் சாய்வும் குறையக் குறைய அழுத்தத்தைக் கூட்டுங்கள். பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிக்கவே கூடாது. பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும், பயந்து காலை எடுத்தால் திடீரெனப் பிடிப்பு கிடைத்து உங்களையே தூக்கி எறியும்.

சாதாரண ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சாய்வை அளந்து செயல்படும் ஏபிஎஸ் வேறு வகை, எல்லா பைக்கிலும் கிடையாது. மணல், ஈரம், சிந்திய டீசல், சாலையில் வரைந்த வெள்ளைக்கோடு எதிலும் பிடிப்பு இன்னும் குறையும்.

சரி, பழகுவது எப்படி? வாகனம் வராத காலி இடத்தில், ஹெல்மெட், கையுறையோடு, 30 கி.மீ. வேகத்தில் நேராகப் போய் நிறுத்துங்கள். கை அந்த அழுத்தத்துக்குப் பழகியதும் பெரிய வட்டமாகச் சுற்றி, நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். யோசிக்காமலே கை முதலில் நிமிர்த்தத் தொடங்கும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.