சார்ட்டில் 'ஜெனெட்டிக்' என்று இருந்தால் உடனே கோடு போட்டுவிடாதீர்கள்

மெடிக்கல் கோடிங் என்றால், நோயாளியின் சார்ட்டில் டாக்டர் எழுதிய நோய்க்கு இன்ஷூரன்ஸ் கிளைமுக்காகக் கோடு, அதாவது குறியீட்டு எண், போடுகிற வேலை. பாளையங்கோட்டையில் என்னிடம் அதைப் படிக்க வருகிற பிள்ளைகள், உயரம் குறைந்த குழந்தையின் சார்ட்டைத் திறந்தால் அநேகமாக ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். டாக்டர் 'ஜெனெட்டிக் ஷார்ட் ஸ்டேச்சர்' என்று எழுதியிருப்பார், இவர்கள் அமெரிக்க ஐசிடி-10-சிஎம் கோடு புத்தகத்தில் நேராக இ34.329-க்கு, அதாவது மரபணுக் காரணத்தால் வந்த உயரக்குறைவுக்கான கோடுக்கு, போய்விடுவார்கள். கேட்டால், "சார்ட்டிலேயே ஜெனெட்டிக்னு இருக்கே அக்கா, அப்புறம் என்ன யோசனை?" என்பார்கள். அந்தக் கோடுகள் வந்த புதிதில் நானும் அப்படித்தான் போட்டேன், ஆடிட்டில் திரும்பி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரு வார்த்தையை டாக்டர்கள் இரண்டு அர்த்தத்தில் எழுதுகிறார்கள். ஒன்று, குடும்ப வாகு. அப்பா குட்டை, அம்மா குட்டை, பிள்ளையும் அப்படி. ஜீனில் கோளாறு என்று எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, ஐஜிஎஃப்-1 என்கிற வளர்ச்சிக் காரணி சுரக்காமலோ, சுரந்தும் வேலை செய்யாமலோ போகிற மாதிரி நிஜமான ஜீன் கோளாறு. இ34.32 வரிசை இந்த இரண்டாவதற்குத்தான்.

எனக்குத் திரும்பி வந்தது போலவே ஒரு சார்ட்டை வைத்துப் பார்ப்போம். ஏழு வயதுப் பையன், உயரம் 110 செ.மீ., அப்பா 160, அம்மா 148. பையன் என்றால் பெற்றோர் உயரத்தைக் கூட்டி 13 சேர்த்து இரண்டால் வகுக்க வேண்டும் (பெண் பிள்ளைக்கு 13-ஐக் கழிக்க வேண்டும்), வளர்ந்த பிறகு எதிர்பார்க்கிற உயரம் கிடைக்கும், இங்கே 160.5 வருகிறது. எக்ஸ்ரேயில் தெரிகிற எலும்பு வயதும் ஏழுதான். கடைசியில் டாக்டர் எழுதியது: 'ஜெனெட்டிக் ஷார்ட் ஸ்டேச்சர், ஃபெமிலியல்', அதாவது குடும்ப வாகு. இப்போது கோடு புத்தகத்தின் இண்டெக்ஸில் 'ஷார்ட்' என்ற சொல்லுக்குக் கீழே 'ஸ்டேச்சர்' வரியைப் பாருங்கள், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஹெரிடிட்டரி' (பரம்பரை), 'இடியோபதிக்' (காரணம் தெரியாதது) என்று இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கிற சொல் சார்ட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு மாறாது. அந்த வரி போய் நிற்கிற இடம் ஆர்62.52. பரம்பரை உயரக்குறைவுக்கு அதுதான் வீடு. நான் அன்றைக்கு அந்த அடைப்புக்குறியைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

சரி, வரிசையாக எப்படிப் பார்ப்பது? முதலில் பெயர் வைத்த நோய் ஏதாவது உறுதியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். டர்னர் (பெண் பிள்ளைகளுக்கு எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வருவது) என்றால் க்யூ96, அதிலும் கேரியோடைப் என்கிற குரோமோசோம் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று கவனியுங்கள்: 45,எக்ஸ் மட்டும் என்றால் க்யூ96.0, எந்த விவரமும் இல்லை என்றால் க்யூ96.9. அகான்ட்ரோபிளேசியா க்யூ77.4, பிரேடர்-வில்லி க்யூ87.11, நூனன் க்யூ87.19. இந்த மாதிரி நோய்களில் உயரக்குறைவு நோயோடு சேர்ந்தே வருவது, அதற்குத் தனியாக ஆர்62.52 சேர்க்க வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் இ23.0.

இது எதுவும் இல்லை என்றால்தான் ஹார்மோன் கோளாறால் வரும் உயரக்குறைவுக்கான இ34.3 வரிசைக்கு வர வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் இதைப் பிரித்துவிட்டார்கள், வெறும் இ34.3 போட்டால் கிளைம் நிற்காது. 'கான்ஸ்டிடியூஷனல் ஷார்ட் ஸ்டேச்சர்' என்று டாக்டர் எழுதியிருந்தால் இ34.31. முதன்மை ஐஜிஎஃப்-1 குறைபாடு இ34.321, ஐஜிஎஃப்-1 இருந்தும் உடம்பு அதை ஏற்காத நிலை இ34.322, வேறு குறிப்பிட்ட மரபணுக் காரணம் இ34.328, மரபணுக் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி எது என்று சொல்லாவிட்டால் இ34.329. இந்தக் கடைசி இலக்கங்களை லேசாக எடுக்காதீர்கள். கடுமையான முதன்மை ஐஜிஎஃப்-1 குறைபாட்டுக்கென்றே மெகாசெர்மின் என்ற மருந்து 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாம் தப்பான கோடு போட்டால், எங்கோ ஒரு பிள்ளையின் ஊசிக்கு இன்ஷூரன்ஸ் கேள்வி கேட்கும். இன்னொன்று, ஆர்62.52-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு இருக்கிறது, அதனால் அதையும் இ34.3 வரிசையையும் சேர்த்துப் போடக் கூடாது.

'சந்தேகம்', 'ரூல் அவுட் டர்னர்' (டர்னர் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும்) என்று புறநோயாளி சார்ட்டில் இருந்தால் டர்னரைத் தொடாதீர்கள். ரிசல்ட் வந்து டாக்டர் உறுதி செய்கிற வரைக்கும் ஆர்62.52-தான். உள்நோயாளிக்கு விதி வேறு, டிஸ்சார்ஜ் நேரத்திலும் 'ப்ராபபிள்' (இருக்கலாம்) என்றே எழுதியிருந்தால் அதை இருப்பதாகவே கோடு செய்யலாம்.

நம் பக்கத்தில் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவது சகஜம் என்பதால், பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்ற வரி நம் கண்ணுக்கு ஒரு விஷயமாகவே படாது. ஆனால் ஒடுங்கு மரபணு நோய்களில் (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான ஜீன் வந்தால் வருகிறவை) டாக்டருக்கு அது முக்கியமான தகவல். அதற்குக் கோடு இருக்கிறது, இசட்84.3, துணைக் கோடாகச் சேருங்கள்.

இதெல்லாம் அமெரிக்க ஐசிடி-10-சிஎம் புத்தகத்துக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-ஐ வைத்து வேலை செய்கிற ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் பிரிவில் சேர்ந்தீர்கள் என்றால், அதில் இ34.3 அத்தோடு முடிந்துவிடும், காரணம் சொல்லாத உயரக்குறைவும் அதற்குள்ளேயே வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், 'ஜெனெட்டிக்' என்று மட்டும் எழுதி, ஃபெமிலியல் என்றும் இல்லாமல் ஜீன் பெயரும் இல்லாமல் இருந்தால்? பெற்றோர் உயரத்தைப் பார்த்து நாமாக முடிவு செய்யக் கூடாது, அது நம் வேலை இல்லை. டாக்டருக்குக் க்வெரி, அதாவது விளக்கம் கேட்கிற குறிப்பு, அனுப்புங்கள். "இது ஐஜிஎஃப்-1 குறைபாடுதானே?" என்று பதிலைக் கையில் கொடுத்துக் கேட்காதீர்கள். "பெற்றோர் உயரம், எலும்பு வயது, லேப் ரிசல்ட் ஆகியவை குறிப்பில் உள்ளன. 'ஜெனெட்டிக்' என்று நீங்கள் குறிப்பிட்டது குடும்ப உயரக்குறைவா, குறிப்பிட்ட மரபணுக் கோளாறா, வேறு ஏதாவதா, இப்போதைக்குத் தீர்மானிக்க இயலாததா?" என்று நாலு வழியையும் திறந்து வைத்துக் கேளுங்கள். பதில் வரும் வரை சார்ட்டை ஹோல்டில் வையுங்கள்.