ஒரே கூட்டல் குறி, வேறு வேறு வேலை: ஆபரேட்டர் ஓவர்லோடிங்

பைத்தான் நிரல்மொழியில் 5 + 3 என்று கொடுத்தால் 8 வரும். இரண்டு ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துத் தொடருக்கு) நடுவே அதே குறியைப் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். லிஸ்ட்டுகள் (பட்டியல்கள்) என்றால் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து நீளும். குறிக்கென்று சொந்தமாக ஒரு வேலையும் இல்லை. அந்தப் பொருளின் கிளாஸுக்குள், அதாவது அந்த வகைப் பொருள் எப்படி இருக்கும் என்று சொல்லும் வார்ப்புக்குள், இருக்கும் மெத்தடை (அங்கே எழுதப்பட்ட செயலை) அது கூப்பிடுகிறது, அவ்வளவுதான். அந்த மெத்தடை நம் கிளாஸுக்கு நாமே எழுதுவதுதான் ஆபரேட்டர் ஓவர்லோடிங்.

கீழே உள்ள நிரலை வாசிக்கச் சுலபமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது பைத்தானின் சொற்களை ஆங்கில எழுத்தில் போடுங்கள். கிளாஸ், மாறி பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

படி 1: கிளாஸ்

கிளாஸ் காலஅளவு:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், நிமிடம்):
        செல்ஃப்.நிமிடம் = நிமிடம்

பயணம் = காலஅளவு(165)
ஓய்வு = காலஅளவு(90)

பயணம், ஓய்வு இரண்டும் இந்தக் கிளாஸிலிருந்து உருவான பொருள்கள், அதாவது ஆப்ஜெக்டுகள். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுவது __இனிட்__, அதில் செல்ஃப் என்பது அந்த ஆப்ஜெக்ட்தான். இப்போது பயணம் + ஓய்வு என்று எழுதினால் டைப் எரர் (இந்த வகைப் பொருளுக்கு இது பொருந்தாது என்ற பிழை) வரும். நியாயம்தான், எப்படிக் கூட்டுவது என்று நாம் இன்னும் சொல்லவில்லையே.

படி 2: கூட்டலைச் சொல்லிக்கொடுப்பது

    டெஃப் __ஆட்__(செல்ஃப், அதர்):
        ரிட்டர்ன் காலஅளவு(செல்ஃப்.நிமிடம் + அதர்.நிமிடம்)

முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு உண்டு, விட்டுவிடாதீர்கள். இனி பயணம் + ஓய்வு என்பதைப் பைத்தான் பயணம்.__ஆட்__(ஓய்வு) என்றே எடுத்துக்கொள்ளும். இடப்பக்கம் இருப்பது செல்ஃப், வலப்பக்கம் இருப்பது அதர். விடையின் நிமிடம் 255, அதாவது 4 மணி 15 நிமிடம்.

முதன்முதலில் எழுதியபோது நான் புதிய ஆப்ஜெக்ட் உருவாக்காமல், செல்ஃப்.நிமிடம் மேலேயே கூட்டி செல்ஃபைத் திருப்பிக் கொடுத்தேன். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் அதே வரியை இரண்டாம் முறை ஓட்டியதும் 345 ஆகிவிட்டது! கூட்டியதில் பயணமே மாறிப்போயிருந்தது. 5 + 3 என்று எழுதினால் 5 மாறுவதில்லை. நம் கூட்டலிலும் எதுவும் மாறக் கூடாது.

படி 3: அந்நியப் பொருள் வந்தால்

பயணம் + 20 என்று யாராவது எழுதினால்? 20க்கு நிமிடம் என்ற பண்பு கிடையாது, நிரல் உடையும். அதனால் அதர் நம் கிளாஸைச் சேர்ந்ததா என்று மெத்தடின் தொடக்கத்தில் இப்படி ஒரு சோதனை வையுங்கள்:

        இஃப் நாட் இஸ்இன்ஸ்டன்ஸ்(அதர், காலஅளவு):
            ரிட்டர்ன் நாட்இம்ப்ளிமென்டட்

நாட்இம்ப்ளிமென்டட் என்பது எரர் அல்ல, 'எனக்குத் தெரியாது, அடுத்தவரைக் கேள்' என்ற பதில். உடனே பைத்தான் வலப்பக்கப் பொருளிடம் __ஆர்ஆட்__ (வலப்பக்கத்தில் இருக்கும்போது கூட்டும் மெத்தட்) இருக்கிறதா என்று பார்க்கும். அங்கும் வழியில்லை என்றால்தான் டைப் எரர்.

ஒரு லிஸ்ட்டில் இருப்பதையெல்லாம் கூட்டித் தரும் சம் ஃபங்ஷன் பலரைக் கவிழ்ப்பதும் இங்கேதான். அது 0 என்ற எண்ணில் தொடங்கிக் கூட்டும், அதாவது முதலில் 0 + பயணம். எண்ணுக்கு நம் கிளாஸைத் தெரியாது. __ஆர்ஆட்__ எழுதிச் சமாளிக்கலாம். எனக்குப் பிடித்தது, தொடக்க மதிப்பாகக் காலஅளவு(0) கொடுத்துவிடுவது.

படி 4: சமமா?

காலஅளவு(90) இரண்டை உருவாக்கி நடுவே == போட்டால் ஃபால்ஸ் (இல்லை) வரும். நாம் எதுவும் எழுதாதவரை, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பைத்தான் பார்க்கும். __ஈக்யூ__ எழுதி நிமிடங்களை ஒப்பிடுங்கள். அப்புறம் ஒரு சிக்கல்: அதை எழுதியதும் ஆப்ஜெக்டை செட்டில் (ஒன்றே இருமுறை வராத தொகுப்பில்) போடவோ டிக்ஷனரியின் கீயாக (மதிப்பைத் தேட உதவும் பெயராக) வைக்கவோ முடியாது. வேண்டுமென்றால் ஆப்ஜெக்டைத் தேட ஓர் எண் தரும் __ஹாஷ்__ மெத்தடையும் சேர்த்து எழுத வேண்டும்.

எதற்கெல்லாம் எழுதலாம்? புதுக் குறி கண்டுபிடிக்க முடியாது, பெருக்கலுக்கு முன்னே கூட்டு என்று வரிசையை மாற்றவும் முடியாது. ஜாவாவில் நம் கிளாஸுகளுக்கு இந்த வசதியே இல்லை. இருக்கிற மொழியிலும் அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும். பயணம் * 3 என்றால் யாருக்கும் புரியும். பயணம் * ஓய்வு என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுத மாட்டேன்.

பெருக்கலுக்கான __மல்__ மெத்தடை நீங்களே எழுதி பயணம் * 3 போட்டுப் பாருங்கள். சரியாக வந்ததும் 3 * பயணம் என்று திருப்பிப் போடுங்கள். எரர் வரும், காரணம் படி 3இல் இருக்கிறது.