ஆலிவ் எண்ணெயும் குடலின் எதிர்ப்புச் சக்தியும்: காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கும் தவறுகள்

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. குடலின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிப் பேசும்போது ஆலிவ் எண்ணெயில் நாம் தேடுவது அதன் பாலிபீனால்களை, அதாவது தாவரங்களில் இயல்பாக உள்ள ஒருவகைச் சேர்மங்களை: ஹைட்ராக்சிடைரோசால், ஒலியூரோபீனிலிருந்து வரும் சேர்மங்கள், ஒலியோகாந்தல். காயை அரைத்து, ரசாயனம் சேர்க்காமல் பிரித்தெடுத்த எக்ஸ்ட்ரா விர்ஜின் எண்ணெயில்தான் இவை போதிய அளவு இருக்கும். சுத்திகரித்தால் பெரும்பாலும் போய்விடும். வடசென்னையில் பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவாகக் கிடைக்கும் 'பொமேஸ்', பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. 'லைட்' என்றால் நிறமும் ருசியும் லேசு என்றுதான் பொருள், கலோரி குறையாது. மெடிக்கல் ஷாப்பில் குழந்தைக்குத் தேய்க்க விற்கும் எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

நல்ல எண்ணெயைக் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுவது அடுத்த தவறு. ஒரு டீஸ்பூன் வாயில் விட்டு மெல்ல விழுங்கிப் பாருங்கள். நாக்கில் கசப்பும் தொண்டையில் மிளகு கடித்தது போன்ற உறைப்பும் வந்தால், லேசாக இருமல்கூட வந்தால், பாலிபீனால் இருக்கிறது. அந்த உறைப்பு ஒலியோகாந்தலுடையது. இபுபுரூஃபென் வலி மாத்திரை தடுக்கும், அழற்சியைத் தூண்டும் அதே காக்ஸ் நொதிகளை இதுவும் தடுக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். கெட்ட எண்ணெயின் அடையாளம் வேறு: பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வரும் சிக்கு வாடை.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் சமையலறை சிறியது, மே மாதத்தில் மொட்டைமாடித் தளமோ ஷீட்டோ சூட்டை உள்ளே இறக்கும். அங்கே கேஸ் அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில் கண்ணாடி பாட்டிலை வைத்தால், சூடும் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து பாலிபீனாலைத் தின்றுவிடும். 5 லிட்டர் டின் லாபம் போலத் தோன்றும், ஆனால் பாதி தீருவதற்குள் மீதி வீணாகும். கறுத்த கண்ணாடி பாட்டிலில் 250 அல்லது 500 மில்லி வாங்கி, அடுப்புக்கு எதிர்மூலையில் மூடிய அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, திறந்த இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். லேபிளில் அறுவடைத் தேதி இருந்தால் அதைப் பாருங்கள், புதியது மேல். ஃபிரிட்ஜில் வைத்துக் கலங்கினால் கெட்டதாக அர்த்தமில்லை.

வறுக்கும் சட்டியில் ஊற்றுவது இன்னொன்று. எக்ஸ்ட்ரா விர்ஜின் ஏறக்குறைய 190 டிகிரி வரை புகையாது, தாளிக்கலாம். ஆனால் 180 டிகிரியில் பத்து நிமிடம் வறுத்தாலே ஹைட்ராக்சிடைரோசாலில் பாதிக்கு அருகே போய்விடும். காசிமேட்டு நெத்திலியை வறுக்கக் கடலை எண்ணெயே போதும்.

இனி, எல்லாவற்றையும்விட ஆழமான தவறு: இது எதிர்ப்புச் சக்தியை 'ஏற்றும்' என்று நினைப்பது. உணவையும் கோடிக்கணக்கான பாக்டீரியாவையும் நம் உடம்பிலிருந்து பிரிப்பது குடல் சுவரின் ஒரே ஓர் அடுக்குச் செல்கள். மேலே சளிப்படலமும், கிருமியைப் பிடித்துக்கொள்ளும் ஐஜிஏ எதிர்பொருளும் காவல். கீழே எதிர்ப்புச் செல்கள், உடலில் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் குவிந்திருக்கின்றன. கிருமியைத் தாக்குவது அவற்றின் வேலையில் பாதிதான். சோற்றையும் நல்ல பாக்டீரியாவையும் தாக்காமல் விடுவது மறுபாதி. அந்தப் பொறுமை கெடும்போதுதான் குடல் அழற்சி நோய் வருகிறது. ஆலிவ் பாலிபீனால்கள் என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சி விசையைத் தணித்து, டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளைக் குறைக்கின்றன. அதாவது இது அடக்குகிற வேலை. இதற்கான சான்று பெரும்பாலும் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் கிடைத்தது, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. 20 கிராம் எண்ணெயில் 5 மில்லிகிராம் ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் வழிச் சேர்மங்களும் இருந்தால் நன்மை சொல்லி விற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அனுமதித்தது. அதுவும் ரத்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காப்பதற்கு மட்டும், குடலுக்கு அல்ல.

நார்ச்சத்தை மறந்துவிட்டு எண்ணெயை மட்டும் நம்புவதும் இதையொட்டிய பிழைதான். பாலிபீனாலில் ஒரு பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாதான் ஒலியூரோபீனை உடைத்து ஹைட்ராக்சிடைரோசால் ஆக்குகிறது. அங்கேயே உள்ள வேறு பாக்டீரியா நாரிலிருந்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைச் செய்து குடல் செல்களுக்கு ஊட்டுகிறது, எதிர்ப்பை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் வளரவும் உதவுகிறது. நார் இல்லாவிட்டால் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் ஒரு கிண்ணம் காராமணிச் சுண்டல், சோற்றோடு கீரை என்று இருக்கட்டும். சுண்டலையோ கீரையையோ அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு தலைக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றிக் கிளறுங்கள்.

நாளுக்கு 20 கிராம் என்றால் ஒருவருக்கே மாதம் 650 மில்லி ஆகும். நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டரை லிட்டருக்கு மேல். அந்தச் செலவு தாங்காவிட்டால் கூழுக்கும் பயறுக்கும் கீரைக்கும் முதலில் காசை ஒதுக்குங்கள் என்பதே எங்கள் கருத்து. வாங்கினாலும் வேறு எண்ணெயைக் குறைத்துத்தான் சேர்க்க வேண்டும், ஒரு டேபிள்ஸ்பூனில் 120 கலோரி இருக்கிறது.

வெறும் வயிற்றில் கால் டம்ளர் குடிப்பது வேண்டாம். கொழுப்பு மொத்தமாக இறங்கினால் பித்தப்பை சுருங்கும், கல் இருப்பவருக்கு வலி வரும், பலருக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். ஆலிவ் இலை மாத்திரை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கக்கூடும், அவற்றுக்கு மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அல்சரேடிவ் கொலைட்டிஸ், குரோன் என்ற குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்கள் இந்த எண்ணெயை நம்பி மெசலமைனையோ ஸ்டீராய்டையோ நிறுத்துவது ஆபத்து. மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காரணமில்லாமல் எடை இறங்குவது என்று எது இருந்தாலும் எண்ணெயைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவுக்குப் போங்கள். எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையெல்லாம் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.