கற்பனை ஊருக்கு ஒரு கடைநிலைச் சாதி: செட்டிநாட்டுக் களத்தில் கட்டும் முறை

சாதி அடுக்கு இறுகிய ஒரு கற்பனைச் சமூகத்தைக் காரைக்குடிப் பக்கம் வைத்துக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெயர், உடை, வசைச்சொல் என்று தொடங்கி, கடைநிலைச் சாதி செய்யும் வேலையைக் கடைசியில் ஒட்டுகிறார்கள். வேலையை முதலில் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து முளைக்கும்.

சுண்ணாம்பு நீற்றுகிறவர்களை எடுத்துக்கொள்வோம். பெயர் 'நீற்றார்'. (எந்தப் பெயர் வைத்தாலும் அது நிஜச் சாதி எதன் பெயரையும் ஒலியால்கூட நெருங்கக் கூடாது. நெருங்கினால் வாசகர் கதையை விட்டுவிட்டு ஆளைத் தேடுவார்.) கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றிக் காளவாயில் (சுண்ணாம்புச் சூளையில்) அடுக்கிச் சுட வேண்டும். சுட்டதன்மேல் தண்ணீர் பட்டால் கொதித்து நீறும். தெறித்தால் கண் போகும், விரலிடுக்கு வெந்து வெடிக்கும். நீற்றியதை அரைத்துக் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்தால் சுவர் பளிங்காகும். இனி இந்தச் சாதிக்கு அடையாளமாகப் பச்சை குத்த வேண்டியதில்லை, வெடித்த விரலே போதும்.

அடுத்தது பஞ்சாங்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காளவாய் எரியாது, பூச்சும் காயாது. அந்த 60 நாளும் சோறு எங்கிருந்து வரும்? கணக்குப் போட்டே எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு நாளைக்கு 2 படி என்றால் 120 படி, அதாவது மரக்காலுக்கு 8 படி வீதம் 15 மரக்கால் தானியக் கடன். பாதிக்குப் பாதி வட்டி சேர்ந்தால் 180 படி. கூலி இரண்டரைப் படி, சாப்பாடு 2 படி, மிச்சம் நாளைக்கு அரைப் படி. ஒரு நாள் காய்ச்சல்கூட வராமல் உழைத்தாலும் கடன் தீர 360 நாள் ஆகும். அடுத்த மழையோ சுமார் 300 நாளில் வந்துவிடும். இதற்குமேல் சவுக்கு, சங்கிலி எதுவும் கதையில் தேவைப்படாது. கடன் அளந்து கொடுக்கச் சின்ன மரக்கால், திரும்ப வாங்கப் பெரியது என்று வைத்தால் இன்னும் இறுகும்.

பிறகு வீடு. முகப்பு, வளவு (உள்முற்றப் பகுதி), இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் செட்டிநாட்டு வீடு அடுக்கை வரைய ஆயத்தமான வரைபடம். எவர் எந்தக் கட்டு வரை வரலாம் என்பதை எழுதும் முன்பே குறித்துவிடுங்கள். பூச்சு நடக்கும்வரை நீற்றார் வளவுக்குள் உட்கார்ந்து சுவரைத் தேய்க்கலாம். புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள் அதே சுவரைத் தொட்டால் தீட்டு. ஒரு சாதியின் நிலையைச் சொல்ல இந்த ஒரு நாள் வித்தியாசம் போதும். ஊருணியிலும் இப்படித்தான்: எந்தப் படித்துறை, யாருக்குப் பிறகு.

தடைகளைப் பொதுவாக 'கொடுமை' என்று எழுதினால் எடுபடாது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஒடுக்கப்பட்டோர்மேல் விதிக்கப்பட்டவை 8 தடைகள்: பொன், வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்று போகும். 1931இல் அவை 11 ஆயின. இரண்டு விஷயம் கவனியுங்கள். செருப்பைத் தடுக்கிறார்கள் என்றால் யாரோ செருப்பு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் தடைக்கும் அப்படி ஒரு முந்தைய நிகழ்ச்சி வேண்டும். அடுத்து, அந்தத் தடைக்குக் காவல் காப்பவர் உச்சியில் இருக்கும் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு படி மேலே இருப்பவருக்குத்தான் அந்தப் படி பறிபோகும் பயம் அதிகம்.

சறுக்கும் இடங்கள்: நீற்றார் எல்லோரும் நல்லவர்களாக, ஒரே குரலில் பேசுவது, வெளியூர் படித்த இளைஞன் வந்து மீட்பது. அவர்களுக்குள்ளும் காளவாய்க்காரன் சுமை தூக்குகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டான். விளிப்பைக் கோட்டைவிடாதீர்கள். அறுபது வயதுக்காரர் ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்து "வாங்க சின்ன ஐயா" என்பார். அந்தப் பிள்ளை அவரைப் பெயர் சொல்லி, "டேய்" போட்டுக் கூப்பிடும். இரண்டு பேருமே அதில் வித்தியாசமாக எதையும் உணராதபடி எழுதுங்கள்.