நடுவில் உட்கார்ந்தால் பாஸ் இல்லை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு முதல் ஸ்டீரியோ. பட்ஜெட் குறைவு, அதனால் ஒருவரிடம் பழைய புக்‌ஷெல்ஃப் (அலமாரியில் வைக்கும் சிறிய) ஸ்பீக்கர் ஜோடி வாங்கினேன். குறைந்த காசுக்கு அதுதான் நல்ல வழி என்று இப்போதும் சொல்வேன். ஆனால் பாடகர் குரல் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் சிதறியது. தவில் சத்தத்தில் கனமே இல்லை.

கேபிள் மாற்றினேன், ஸ்பீக்கர்களைச் சுவரை ஒட்டி நகர்த்தினேன், ஆம்ப்ளிஃபயரில் பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, கூட்டினேன். பலனில்லை. தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வாங்கச் சொன்னார் நண்பர்.

துப்பு வேறிடத்தில் கிடைத்தது. சோபாவின் நடுவில் இருந்தால் பாஸ் இல்லை. எழுந்து ஒரு ஸ்பீக்கர் பக்கம் போனால் திரும்ப வந்தது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் இப்படித்தான் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கேபிளைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஒவ்வொரு ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடவைத்தேன். இடது ஸ்பீக்கரின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) வெளியே வந்தது, வலது உள்ளே போனது! வலதைத் திறந்து பார்த்தால், யாரோ பழுதுபார்த்தபோது முனைகளுக்குப் பின்னால் கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். வெளியே நிறங்கள் ஒழுங்காக இருந்ததால் தெரியவில்லை. வலது ஸ்பீக்கரில் மட்டும் கேபிளின் பிளஸ், மைனஸ் கம்பிகளை இடம் மாற்றிச் செருகினேன். அப்பாடா, குரல் நடுவுக்கு வந்துவிட்டது. சப்வூஃபர் தேவைப்படவில்லை.